ஐந்து கோல் வாங்கிய பிறகு

தஞ்சோங் கிளிங் ஒட்டுக்கடையில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் தீர்ப்பு ஒன்றுதான்: தோற்றால் பயிற்றுநரை மாற்று! எதிரணியினரும் இங்கே அதைத்தானே சொன்னார்கள்?

2010 டிசம்பர் 1. சுசூகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா 1-5 என இந்தோனேசியாவிடம் உதை வாங்கியது. பயிற்றுநர் கே. ராஜகோபால் என்ன செய்தார்? 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற கல்லூரி வயதுப் பையன்களை நம்பித்தான் அணி அமைத்திருந்தார். அந்த அடிக்குப் பிறகும் அணியைக் கலைக்கவில்லை. அடுத்து தாய்லாந்துடன் கோலில்லாச் சமநிலை. பார்ப்பவருக்குக் கொட்டாவி வந்திருக்கும்; ஆனால் ஐந்து கோல் விட்ட தற்காப்பு அன்றுதான் நிமிர்ந்தது. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாமை 2-0 என வென்று, ஹனோயில் கோலே விடாமல் திரும்பினார்கள்.

இறுதியில் அதே இந்தோனேசியா! புக்கிட் ஜாலிலில் 3-0. சாஃபி சாலி மட்டும் இரண்டு கோல். ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் கிண்ணம் மலேசியாவுக்கே.

அவர் 2013இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் 2014, 2018 இறுதி ஆட்டங்களுக்கு வேறு வேறு பயிற்றுநர்கள் அணியைக் கொண்டுபோனார்கள். இரண்டிலும் கிண்ணம் கைக்கு வரவில்லை. எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.