மலையேறும் ஒலி: கித்தார் இளைஞர்கள் கவனத்திற்கு



பினாங்கு மலை ரயிலின் அடிவார நிலையம் ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் ஏறிய மூத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரே வண்டியில் உச்சிக்குப் போய்விட முடியாது. நடு நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் மாறி ஏற வேண்டும். 2011-இல் புதிய ரயில் வந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

எலக்ட்ரிக் கித்தாரின் ஒலியும் அந்தப் பழைய ரயிலைப் போல இரண்டு கட்டமாகத்தான் மலையேறுகிறது. கம்பி அதிரும்போது பிக்கப்பில் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது; ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அதை வாங்கி, வளர்த்து, இனிமையோ உறுமலோ சேர்த்து அனுப்புவது பிரீஆம்ப். இது முதல் வண்டி. அந்த ஒலிக்குப் பலம் கொடுத்து ஸ்பீக்கரை அசைப்பது பவர் ஆம்ப். இது இரண்டாவது வண்டி. கடையில் விற்கும் சாதாரண கித்தார் ஆம்ப் பெட்டிக்குள் இரண்டு வண்டியும் ஒன்றாகவே இருக்கின்றன.

தனி பிரீஆம்ப் எதற்கு?

இசைக்குழுப் பையன்களின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று திருமண மண்டபம், நாளை ஆலயத் திருவிழா. போகும் இடத்தில் எந்த ஆம்ப் கிடைக்கிறதோ அதில்தான் வாசித்தாக வேண்டும். வீட்டில் மாதக் கணக்கில் பழகிய ஒலி மேடையில் காணாமல் போய்விடுகிறது. பாட்டு எடுபடாவிட்டால் ஆம்ப்பை யாரும் குறை சொல்வதில்லை. பையனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் பேச்சு வரும்.

இதற்காகவே தனி பிரீஆம்ப் வந்தது. 1987-இல் ஏடிஏ எம்பி-1, 1989-இல் சான்ஸ்ஆம்ப், 1992-இல் மார்ஷல் ஜேஎம்பி-1 என்று உலகப் புகழ் பெற்றவை பல உண்டு. தன் ஒலியைப் பைக்குள் வைத்துத் தூக்கிச் செல்லலாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால், அதை ஆம்ப்பின் எந்தத் துளையில் செருகுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

எங்கே செருகுவது?

முன்பக்கம் கித்தாருக்கென்று உள்ள துளையில் செருகினால், நடு நிலையம் வரை ஏறிய ஒலியை மறுபடி அடிவாரத்தில் கொண்டுவந்து விடுவது போலாகும். ஆம்ப்பின் சொந்தப் பிரீஆம்ப் இன்னொரு முறை அதைப் பெருக்கும். ஒலி கலங்கிப் போகும், இரைச்சல் கூடும். 'பிரீஆம்ப் சரியில்லை, காசு வீணாகிவிட்டது' என்று பழி அதன் மேல் விழும்.

ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' என்ற துளை இருந்தால் அதுதான் நடு நிலையம். அதில் செருகினால் பெரும்பாலான ஆம்ப்களில் ஒலி நேராக இரண்டாவது வண்டியில் ஏறும். அந்தத் துளை எதிர்பார்க்கும் அளவும் ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும். ஸ்டூடியோக் கருவிகளின் அளவு ஏறக்குறைய 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் அளவு 0.32 வோல்ட். ஆகவே பிரீஆம்ப்பின் வால்யூமைக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே நல்லது.

எல்லா ஆம்ப்பிலும் அந்தத் துளை கிடையாது. பழைய ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஒரு சான்று. அங்கே முன்பக்கம்தான் வழி. அப்போது பிரீஆம்ப்பின் வால்யூமை நன்றாகக் குறைத்து, ஆம்ப்பில் பேஸ், டிரபிள் இரண்டையும் இறக்கி, மிட் குமிழை முழுக்கத் திருப்பினால், ஆம்ப் தன் சொந்தக் குணத்தை அதிகம் கலக்காமல் வழிவிடும். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் தெளிவான ஒலிக்குப் பேர்போனவை. பிரீஆம்ப்பின் குணத்தை அவை பெரிதாக மாற்றுவதில்லை. வால்வு ஆம்ப் அப்படியல்ல. சத்தம் ஏற ஏறத் தன் பங்குக்கும் ஒரு குழைவைச் சேர்க்கும். ஒரே பிரீஆம்ப் இரண்டு ஆம்ப்பில் இரண்டு விதமாகப் பேசுவதற்கு இதுவும், ஸ்பீக்கரும்தான் காரணம்.

மண்டபத்தில் ஆம்ப்பே இல்லாமல் மிக்ஸரில் நேராகச் செருகச் சொன்னால் என்ன செய்வது? கித்தார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் அடக்கிவிடும். மண்டப ஸ்பீக்கர் அடக்காது. உறுமலாக வர வேண்டிய ஒலி, எண்ணெயில் அப்பளம் பொரிவது போல வரும். ஆகவே 'ஸ்பீக்கர் சிமுலேஷன்' வசதியுள்ள பிரீஆம்ப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஃபார்லிம் அடுக்குமாடி வீடுகளில் இரவில் ஹெட்ஃபோனில் பழகுவதற்கும் அதே வசதி கைகொடுக்கும். அண்டை வீட்டாரிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை.

காசு கரியாகாமல் இருக்க

சில எச்சரிக்கைகள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது; உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஆம்ப்பிலும் ஸ்பீக்கரிலும் குறித்திருக்கும் 4, 8, 16 ஓம் கணக்கு பொருந்த வேண்டும். ஸ்பீக்கருக்கு அதற்குரிய தடித்த கேபிளே தேவை, கித்தார் கேபிள் ஆகாது. ஆம்ப்பின் ஸ்பீக்கர் துளையிலிருந்து மிக்ஸருக்கோ பிரீஆம்ப்புக்கோ கேபிள் இழுக்கக் கூடாது. ஒரு நிமிடக் கவனக்குறைவு பல மாதச் சேமிப்பைத் தின்றுவிடும்.

போடும்போது பவர் ஆம்ப் கடைசி. நிறுத்தும்போது அதுவே முதல். இந்த ஒழுங்கு ஸ்பீக்கரையும் காதையும் காக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் 'புது ஆம்ப் வேண்டும்' என்று நச்சரித்தால் உடனே ஆயிரக்கணக்கான வெள்ளியை எடுத்து நீட்டவும் வேண்டாம், 'இதெல்லாம் சோறு போடுமா?' என்று அதட்டவும் வேண்டாம். வீட்டிலிருக்கும் ஆம்ப்பின் பின்பக்கத்தை ஒரு முறை அவனோடு சேர்ந்து திருப்பிப் பாருங்கள். தேவையானது அங்கேயே இருக்கக்கூடும். எலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும், 2007-இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் இதே பினாங்கிலிருந்து புறப்பட்ட சகோதரர்கள்தாம். ஹாங்காங் மேடைகள் வரை போய், நாடு முழுவதும் பெயர் வாங்கினார்கள். அடிவாரத்தில் நிற்கும் பிள்ளை எந்த உச்சிக்குப் போவான் என்று யார் கண்டது? சரியான வண்டியில் ஏற்றிவிடுவது பெரியவர்கள் பொறுப்பு.