பாட்டுக்குச் சாதியில்லை, படிக்கு?

இராசபாளையத்திலே நின்று திருவில்லிபுத்தூரைப் பற்றிப் பேசுவது, அண்டை வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேசுவது போன்றது. அந்தத் திண்ணையிலே எழுந்த கேள்வி ஒன்றை, இசை ரசிகர்களிடம், அவர்களிலே ஒருவனாக நின்று கேட்க விரும்புகிறேன்.

2024 டிசம்பரில் ஆண்டாள் கோயிலுக்கு வந்தார் இளையராஜா. பாசுரங்களுக்கு இசையமைத்தவர், அர்த்த மண்டப வாயிற்படிக்கு வெளியே நின்று மரியாதை பெற்றார். காட்சி பரவிற்று, சாதியா காரணம் என்று நாடு கேட்டது. அர்ச்சகர் முதலான சிலரன்றி எவரும் உள்ளே செல்வதில்லை, அதுவே மரபு என்றது கோயில் நிருவாகம். பரவிய செய்தி உண்மையல்ல, தாம் தன்மானத்தை விட்டுக்கொடுப்பவரல்லர் என்று இளையராஜாவே அறிவித்தார். அவர் சொல்லை நாம் ஐயுறவில்லை.

ஆனால் ரசிகர் சிலர் செய்தது என்ன? கேட்டவன்மீதே பாய்ந்தனர்! இசைக்கு ஏது சாதி என்றனர். இங்கேயும் சாதியை இழுக்கிறாயே என்றனர். சாதி பார்த்தா நான் அவர் பாட்டைக் கேட்கிறேன் என்று சீறினர்.

நண்பரே! உம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் யார்? கேள்வி உமது செவியைப் பற்றியதன்று. அந்தப் படியைப் பற்றியது. கூரையிலே புகை தெரிகிறது என்றால், நானா தீ வைத்தேன் என்று கோபித்துக்கொண்டால், தீ அணைந்துவிடுமா?

அர்ச்சகரன்றிப் பிறர் நுழையலாகாது, இருக்கட்டும். அர்ச்சகராகத் தக்கவர் யார்? அங்கேயன்றோ ஒளிந்திருக்கிறது சாதி! 1939இல் மதுரை மீனாட்சி கோயிலிலும், 1947இல் சட்டத்தாலும், வெளிவாயில் திறந்தது. உள்வாயில்? அர்ச்சகர் பதவியின் வாரிசுரிமையை ஒழிக்க 1970இல் கலைஞர் அரசு சட்டம் செய்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆகமத்தை மீறலாகாது என்றும் சொன்னது. 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற பல சாதியினரும் பணி ஆணை பெற்றனர். 2022இல் சென்னை உயர்நீதிமன்றமோ, ஆகமப்படி அமைந்த கோயில்களுக்கு அந்த நியமன விதிகள் பொருந்தா என்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டியும் முழுதும் திறவாத கதவு அது! இதைப் பேசுவதா இசைக்கு இழுக்கு?

தோழர்களே! சீறுகின்ற ரசிகனைப் பகைவனென்று எண்ணாதீர். அவன் அன்பு மெய்யானது. அந்த அன்பே தன்னைக் குற்றமற்றவனாக்கிவிட்டது என்று நம்புகிறான், அவ்வளவே. ஏளனம் செய்தால் இன்னும் இறுகுவான். அருகிலே அமர்ந்து சொல்லுங்கள்: தம்பி, உன்னைச் சொல்லவில்லை, படியைச் சொல்கிறேன். பாட்டை நீ காக்க வேண்டியதில்லை. அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கேள்வி கேட்பவனுக்குத்தான் துணை தேவை. அவன் பக்கத்திலே வந்து நில்!