வயிறும் மரியாதையும்

(பழவங்காடி குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நாமும் மனிதர்கள்தான் என்பதை முதலாளிமார் ஒப்புக்கொள்ள ஒரு சாஸ்திரமே தேவைப்பட்டது.

1943-ல் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார்: முதலில் சோறு, தண்ணீர், அடுத்துப் பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு, இறுதியில் தன் திறமை முழுவதும் மலர்வது. 1960-ல் டக்ளஸ் மக்கிரெகர் இதை நிர்வாகத்துக்குப் பொருத்தினார். மிரட்டினால்தான் தொழிலாளி வேலை செய்வான் என்ற எண்ணம் தவறு, பொறுப்புக் கொடுத்தால் ஏற்பான் என்றார்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1953-ல் அகமதாபாத் காலிகோ ஆலையில், லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸின் யோசனைப்படி, தொழிலாளர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தானியங்கித் தறிகளைத் தாங்களே பொறுப்பேற்று ஓட்டினார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது.

ஆனால் நிர்வாகிகள் பலர் மேல்படியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மாலை போட்டார்கள். கூலி உயர்வு கேட்டால் முகம் கறுத்தார்கள். மாஸ்லோ சோற்றைத்தான் முதல் படியில் வைத்தார்!

1976-ஆம் ஆண்டின் 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவைச் சேர்த்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. வழிகாட்டு நெறி என்பதால் கோர்ட்டுக்குப் போய் இதைப் பெற முடியாது. சங்கமாகத் திரண்டுதான் பெற வேண்டும்.

கூலியா, மரியாதையா என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: இரண்டும் வேண்டும்!