கோபோலி வரை ஒரு தைரியம்

1924-இல் ஃப்ராம்ரோஸ் தாவர் என்ற பார்ஸி இளைஞர் பம்பாயிலிருந்து தனியாகச் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். வியன்னாவில்தான் அவருக்குத் துணை கிடைத்தது.

அந்த நினைப்பில்தான் 1974-இல் மாட்டுங்காவிலிருந்து மெட்ராசுக்கு நானும் சைக்கிளில் புறப்பட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வர ரயில் சார்ஜை மட்டும் பையில் வைத்தார்.

செம்பூர், அப்போது புதிதான வாஷிப் பாலம், பன்வேல் எல்லாம் உற்சாகமாகக் கடந்தன. கோபோலியில் மலை எதிரே நின்றது. கண்டாலாவுக்கு ஐந்நூறு மீட்டர் ஏற்றம். பி.எஸ்ஸி. பௌதிகம் ஆயிற்றே, கணக்குப் போட்டேன். எட்டு இட்லியின் சக்தி போதும்! சிரிக்காதீர்கள், கணக்கு சரிதான். கால்தான் ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிளில் கியரும் கிடையாது.

ரயில் நிலையம் பக்கத்திலேயே. பணத்தை இருமுறை எண்ணினேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினேன்.

இரவு லோனாவ்லாவில் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன்: "பணம் பத்திரமாக இருக்கிறது."