வினையைக் கூட்டுவிப்பது யார்?



ஜெர்மானியக் கருத்துமுதல்வாதத்தைச் சூழ்ந்து எழுந்த இறைக்கொள்கை, இயற்கைக்கொள்கை விவாதத்தைத் இந்தத் தேயிலை மலையில் கருத்தரங்காகக் கூடி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் உரை முழுவதும் அதற்கான பதிலே.

1785-இல் மெய்யியலாளர் யாக்கோபி வெளியிட்ட நூல் ஜெர்மன் அறிவுலகைக் கலக்கியது. மறைந்த எழுத்தாளர் லெசிங் தம்மிடம் ஸ்பினோசாவின் கொள்கையை ஒப்புக்கொண்டார் என்று அதில் எழுதினார். இயற்கை முழுவதும் ஒரே பொருள், எல்லாம் காரண காரியத் தொடர் என்று கொண்டால் கடவுளும் இல்லை, மனிதனுக்குச் சுதந்திரமும் இல்லை என்பது யாக்கோபியின் வாதம். நண்பர் லெசிங்குக்காக மெய்யியலாளர் மெண்டல்சோன் எதிர்த்து எழுதினார். கான்ட்டும் 1786-இல் தலையிட்டார். என் மனம் தங்குவது அதற்குப் பின் வந்த மெய்யியலாளர் ஃபிக்டேயிடம். உயிரோட்டமுள்ள அறவொழுங்கே கடவுள், அதற்கு அப்பால் வேறொரு கடவுள் நமக்குத் தேவையில்லை என்று அவர் 1798-இல் எழுதினார். நாத்திகர் என்ற பழி எழுந்தது. மறு ஆண்டே யேனா பல்கலைக்கழகப் பதவி போயிற்று.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த வழக்கு பழக்கமானது. வினையே தன் பயனைத் தரும், அதற்கு ஈசுவரன் வேண்டாம் என்றார்கள் வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகர். வினை சடம், செய்தவன் இன்னான் என்று அதற்குத் தெரியாது, அறிந்து கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்று சித்தாந்திகள் மறுத்தார்கள். ஃபிக்டேயை நோக்கி எழுப்பக்கூடிய இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் படித்ததில்லை.

இயற்கைவாதம் ஐரோப்பாவிலிருந்து நமக்கு வந்த சரக்கும் அல்ல. மணிமேகலையில் பூதவாதி பேசுகிறான்: ஆத்திப்பூவும் வெல்லமும் பிறவும் கூட வெறி பிறப்பதுபோலப் பூதங்கள் கூட உணர்வு பிறக்கும் என்கிறான். காட்சி ஒன்றே அறிவதற்கான அளவை என்னும் அவனிடம், உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், முதலில் நிறுத்துவது இயற்கைவாதியான உலகாயதனைத்தான். எதிராளிக்கு முதலில் பேச இடம் கொடுத்து, பிறகு மறுப்பது நம் மரபு.

மேற்கத்திய மரபுக்கும் நம் மரபுக்கும் பாலம் போட்டவர்களும் உண்டு. வட்டுக்கோட்டை செமினரியில் பணியாற்றிய ஹொய்சிங்டன் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தார். அது 1854-இல் அமெரிக்காவில் அச்சேறியது. 1912-இல் ஷோமெருஸ் சைவ சித்தாந்தம் பற்றி ஜெர்மன் மொழியிலேயே பெருநூல் எழுதினார். அந்தப் பாலத்தில் நாம் போதுமான அளவு நடக்கவில்லை.

மலையகத்துக்கு வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரச் சக்கரத்தின் தெய்வமான ரோதை முனிக்குப் பூசை வைத்தவர்கள் இங்குள்ள தோட்ட மக்கள். அந்தச் சக்கரம் எதனால் சுழல்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அங்கே தெய்வத்தை நிறுத்தினார்கள். அறியாமை என்று இதைத் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். காரணங்களின் உலகுக்குள்ளேயே தெய்வத்துக்கு இடம் தேடிய சிந்தனை அது.

ஆனால் தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த இம்மக்களிடம் அவர்களுடைய வாழ்வு விதி என்றும் சொல்லப்பட்டது. அவர்களை நாடற்றவராக்கிய 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் விதியா? 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. இதைக் கூட்டுவித்தவர்களுக்குப் பெயர் உண்டு, கையொப்பம் உண்டு. இளஞ்செழியன் போன்ற பகுத்தறிவு இயக்கத்தவர் இங்கே விதிக்கு எதிராகப் பேசியபோது, இறைக்கொள்கையாளர் தத்துவத் தளத்தில் நின்று அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது: வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன் என்றால், மனிதர் செய்த இந்த அநீதியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

இயற்கைவாதிகளிடமும் யாக்கோபியின் கேள்வியை வைக்கிறேன். எல்லாம் காரணத் தொடர்தான் என்றால், நாடற்றவராக்கப்பட்டதை அநீதி என்று சொல்ல உங்களுக்கு அடிப்படை எது? நடந்தது நடந்தது என்பதற்கு மேல் என்ன சொல்வீர்கள்?

இவ்விரு கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு யாரும் இங்கே கட்டுரை வாசிக்க வேண்டாம் என்று தலைமைப் பொறுப்பில் நின்று கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வு பரபக்கத்தின் உலகாயத மறுப்பும் யாக்கோபியும் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.