ரூபாய்க்குக் காலணா



மதுரையில் படிக்கும் உங்களிற் பலர் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் நடந்திருப்பீர்கள். இவை அரசர் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ தாங்கிய வீதிகள் அல்ல. பிளாக்பர்ன் என்பவர் மதுரைக் கலெக்டராக இருந்த காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர், ஊரைச் சுற்றியிருந்த பழைய கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த வேலையில் நிலத்தை அளந்தவர் மாரட். ஆட்களை நடத்தியவர் பெருமாள் மேஸ்திரி. மதிலைத் தகர்த்துப் பள்ளத்தை நிரப்பியவர்களுக்கு அங்கேயே மனையிடம் கிடைத்தது. வெளிவீதிகளும் அவ்வாறே தோன்றின. வரி என்ற பேச்சே எழாமல் ஒரு நகரம் தனக்கு வீதிகளைத் தேடிக்கொண்டது.

ஆனால், இடிப்பதற்கு ஓர் ஊருக்கு ஒரு மதில்தானே இருக்கும்? அதன் பிறகு வேண்டிய பாலத்துக்கும் பாதைக்கும் பணம் யார் தருவது?

இக்கேள்விக்குத் துணிவான விடை ஒன்று தஞ்சை ஜில்லாவில் கிடைத்தது. அங்கே ஜில்லா போர்டு நிலத்தின் மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்படி, அதாவது காலணா, ரயில்பாதைக்கென்றே தனியாக வசூலித்தது. அறுபத்து நான்கு காலணா சேர்ந்தது ஒரு ரூபாய். ஆகவே அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் இந்த வரி. அதனைக்கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை ஏறத்தாழ 54 மைல் நீளமுள்ள பாதை அமைந்தது. 1894-இல் வண்டி ஓடத் தொடங்கியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. உடைமை ஜில்லா போர்டினுடையது. 1903-க்குள் பாதை பட்டுக்கோட்டையைக் கடந்து அறந்தாங்கியை எட்டியது. நெல்லை மாட்டு வண்டியில் ஏற்றிச் சேற்றில் திண்டாடிய மிராசுதாருக்குத் தாம் கொடுத்த காலணா எங்கே போயிற்று என்று எவரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. அது புகை கக்கிக்கொண்டு அவர் வயலோரமாகவே போயிற்று.

இதனைப் பொற்காலமென்று நான் சொல்லவில்லை. அந்நாளைய ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். உழுதவன் கையில் வாக்குச்சீட்டு இல்லை. வரி நம்முடையது, தீர்மானம் பிறருடையது என்ற நிலைதான். பயன் கண்ணுக்குத் தெரிந்தது, இசைவு கேட்கப்படவில்லை.

இசைவைக் கேட்டே வரி விதிக்கும் முறை அமெரிக்காவின் பல பகுதிகளில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 2008-இல் மக்கள் வாக்களித்து, டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியை முப்பது ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டனர். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சாலைக்கும் அப்பணம். 2012-இல் இன்னும் முப்பது ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்டபோது 66 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் சரியென்றனர். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. அரை சதவீதத்துக்கும் சற்று மேலான குறைவினால் தோற்றது! 2016-இல் வேறொரு திட்டத்தை முன்வைத்தபோது 71 சதவீதத்தினர் ஆதரித்தனர். அட்லாண்டாவில் 1971-இல் இரண்டு மாவட்டங்கள் இத்தகைய வரிக்கு இசைந்தன, இரண்டு மறுத்துவிட்டன. மறுத்த இடங்களுக்கு ரயில் போகவில்லை. வாக்குச்சீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இவ்வளவு நேரான தொடர்பு நம் நாட்டில் இல்லை.

விற்பனை வரி என்பது நமக்கு அயலான பொருள் அன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணமே, ஆண்டு 1939, பிரதமராக இருந்தவர் ராஜாஜி. மதுவிலக்கினால் குறைந்த வருமானத்தை ஈடுகட்டவே அது வந்தது. வணிகர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்.

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். கடையில் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்தால், பள்ளிக்கு வரும் மண்பாதையைத் தார்ச்சாலையாக்க எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது கேள்வி. பிள்ளைகள் பெருக்கியும் வகுத்தும் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "ஐயா, ரோடு போட்டு முடிந்த பிறகும் அந்தப் பைசாவைக் கேட்பார்களா?" என்றான். நான் கேட்டிருந்த கணக்கைவிட அவன் கேள்வி பெரியது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை வாங்கித் தெருவில் கூவி விற்கும் அம்மையாரையும், காரில் வரும் செல்வரையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே சோப்பை வாங்கினால் ஒரே வரிதான். தஞ்சையில் நிலமுள்ளவர் நிலத்துக்கேற்பக் கொடுத்தார்; விற்பனை வரிக்கு அத்தகைய கண் இல்லை. எனினும் வசூலாகும் பணம் பஸ்ஸாகத் திரும்புமாயின், பயன் அம்மையாருக்கே மிகுதி. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, அச்செலவைப் பொது வருவாயிலிருந்தே அரசு ஏற்றது. பூக்கூடை சுமக்கும் கைக்கு, சோப்பில் கொடுத்தது அன்றாடப் பயணத்தில் வந்து சேர்ந்தது.

மதுரை 1971-இல் மாநகராட்சியாயிற்று. சொத்து வரியும் தொழில் வரியும் அதற்கு உண்டு. விற்பனையின்மீது சிறுவரி விதிக்கும் உரிமை இல்லை. முடிவு நாளைக் குறித்து, வேலையின் பெயரைச் சொல்லி, ஏழையின் அன்றாடப் பண்டங்களை நீக்கி, மக்களின் வாக்கைக் கேட்டு அத்தகைய உரிமையை நகரத்துக்கு அளிக்கலாம் என்பது என் கருத்து. உங்களில் சிலர் மறுக்கலாம். மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

அடுத்த முறை நகரத்துக் கடையில் நோட்டுப் புத்தகப் பையோ காலணியோ வாங்கினால், ரசீதை எறிந்துவிடாதீர்கள். 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு, சேவை வரி அதில் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். ஒரு பாதி மத்திய அரசுக்கு, மறு பாதி மாநில அரசுக்கு. மதுரைக்கென்று மூன்றாவது வரி அதில் இராது.