மிச்சத்தின் கணக்கு

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

அணை கட்டினால் கல்வெட்டு நாட்டுகிறார்கள். அனல்மின் நிலையத்தைத் திறந்துவைக்க மந்திரிகள் வருகிறார்கள். ஆனால் செலவாகாமல் மிஞ்சிய மின்சாரத்துக்குத் திறப்பு விழா நடத்தியவர் எவருமில்லை. கண்ணுக்குப் புலனாகாத அந்த மிச்சத்துக்குச் சட்டத்தின் அந்தஸ்தையும் கணக்கின் பிரமாணத்தையும் அளிப்பதற்கென்றே, நம்மைப் போன்ற வளர்முக நாடுகளுக்குத் தனி ஸ்தாபனங்கள் அவசியமாகின்றன என்பதே நான் இங்குப் பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம்.

சிக்கனத்தைப் பற்றிய உபதேசத்துக்கு நம் தேசத்தில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. அதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது, 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறி, 2002 மார்ச் 1 அன்று எரிசக்தித் திறன் பணியகம் உருவான பிறகுதான். 2006 முதல் குளிர்பதனப் பெட்டியின் மீது ஒட்டப்பட்டுவரும் நட்சத்திரச் சீட்டு அப்பணியகத்தின் கைவண்ணம். ஐந்து நட்சத்திரம் என்பது அங்கே சாசுவதமான விருதன்று; சில ஆண்டுகளுக்கொரு முறை அளவுகோல் இறுக்கப்படும்போது, நேற்றைய ஐந்து இன்று நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும். நீங்கள் இன்று பெறும் பட்டத்துக்கு அத்தகைய விதி இல்லாதது உங்கள் பாக்கியம்.

விரயம் செய்பவர்கள் மூடர்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வாடகை வீட்டில் மின்விசிறியை வாங்கி மாட்டுகிறவர் வீட்டுக்காரர், பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். ஆகவே 30 வாட்டில் சுழலும் விசிறி கடையில் இருக்க, விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் 75 வாட் இழுப்பது கூரையில் ஏறிவிடுகிறது. குறைந்த விலை கோரும் டெண்டருக்கே உத்தரவு என்ற சர்க்கார் விதியும் இதே தீங்கைத்தான் நெடுங்காலம் செய்துவந்தது. ஆயினும், மின்துறையைச் சேர்ந்த நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் கூடி 2009-இல் ஸ்தாபித்த எரிசக்தித் திறன் சேவை நிறுவனம், தரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, கோடிக்கணக்கில் எல்.இ.டி. பல்புகளை ஒருசேரக் கேட்டபோது, அதே டெண்டர் முறையே, 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலையை 2016-இல் 38 ரூபாய்க்கு இறக்கிவிட்டது. விதி ஒன்றே, அதைக் கையாண்ட கை வேறு.

ஆலைகளின் கதை இன்னும் சிக்கலானது. 'பாட்' என்று வழங்கும் திட்டத்தின் முதற் சுற்றில், 2012 முதல் 2015 வரை, எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வகுத்து, அதை மிஞ்சியவற்றுக்கு விற்கத்தக்க சான்றிதழ்களும் அளித்தார்கள். 2017-இல் சந்தை கூடியபோது சான்றிதழ்கள் தேவைக்கு மேல் குவிந்திருந்ததால் விலை சரிந்தது; இலக்குகள் சற்றுத் தாராளமாகவே இருந்தன என்பது என் அபிப்பிராயம். எனினும், ஞாயிற்றுக்கிழமை, யந்திரங்களெல்லாம் ஓய்ந்துவிட்ட ஒரு நூற்பாலையில், யாருக்கும் காற்று வேண்டாத அவ்வேளையிலும் கம்ப்ரஸர் மட்டும் விட்டுவிட்டு ஓடுவது ஏன் என்று கேட்க ஆளை வரவழைத்தது அந்த இலக்குதான். குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால் குமிழி கிளம்பும். லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று கடிகாரம் பிடித்துக் குறித்தால், ஆண்டு முழுவதும் காற்றோடு போன பணத்தின் கணக்கு அரைமணியில் வந்துவிடும்.

மீட்டரே இல்லாத இடத்தில் இக்கணக்கை எங்ஙனம் எழுதுவது? தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய பம்ப்செட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். மின்கட்டணம் என்ற கவலை நீங்கியவுடன், மோட்டார் வாங்கும் விவசாயி பார்ப்பது விலையையும், தாழ்வழுத்த மின்சாரத்தில் எத்தனை நாள் காயில் எரியாமல் தாங்கும் என்பதையும்தான். எரிந்தால் மறுபடி காயில் கட்டி ஓட்டுவார். ஒவ்வொரு கட்டுக்கும் திறன் குறைந்துபோவதை அறிவிக்க அவர் வீட்டுக்கு எந்த பில்லும் வருவதில்லை. மீட்டர் பொருத்த வந்தவரை அவர் தோட்டத்துக்குள் விட மறுப்பதைப் பிடிவாதம் என்று இகழ நான் ஒப்பேன். 1970-களில் யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கொடுத்த குடியானவர்களின் வம்சம் அது. இன்றைய மீட்டர் நாளைய கட்டணம் என்று அஞ்ச அவர்களுக்கு நியாயமுண்டு. ஆனால், அளக்கப்படாத அந்தச் செலவை அனுமானமாகவே எழுதிவருவதால், கம்பியில் கசிந்த மின்சாரமும் திருட்டில் போன மின்சாரமும் விவசாயியின் தலையில் ஏற்றப்படக்கூடும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை.

கிணற்று மேட்டில் நின்று, நீர்மட்டத்தின் ஆழத்தையும், நிமிஷத்துக்கு விழும் நீரையும், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும் அளந்து, அந்தக் கணக்கை அவரிடமே முதலில் காட்டக்கூடியவர் பொறியாளர் ஒருவர்தான். 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் கரிமச் சந்தைக்கும் வழி திறந்துவிட்டதால், இத்தகைய கணக்குகளின் அடியில் கையெழுத்திடுவோருக்கு இனித் தேவை பெருகும். எரிசக்தித் திறன் பணியகம் நடத்திவரும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை, சில ஆண்டு அனுபவம் சேர்ந்ததும், உங்களில் பலர் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.